இரண்டு பேருக்கு ஒரு மேசை

நான் தற்கொலை செய்துகொள்ளக்கூடும் என்று என் தமையன் வியன்னாவில் உள்ள ஒரு ஹோட்டலுக்குத் தொலைபேசியில் சொன்ன நேரம், நான் அந்த ஹோட்டலின் ஐந்தாம் மாடியில், குளியல் தொட்டிக்குள் கழுத்தளவு வெந்நீரில் கிடந்தபடி கேக் தின்றுகொண்டிருந்தேன். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கலாம் என்று எத்தனையோ தரம் முயன்று பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. ஒரு வருடம் கழிந்தும் வருவது கோபம்தான். வயது போகிறது, கோபத்தை விடு என்று எனக்குச் சொல்லாத ஆளில்லை. விடுகிறேனோ இல்லையோ, நடந்ததை நடந்தபடி ஒருக்கால் எழுதிவைக்கிறேன். மொன்ட்ரியாலில் இதற்கு வேறு நாலைந்து கதைகள் ஓடுகின்றன.

எனக்கு ஐம்பத்தாறு வயது. மொன்ட்ரியால்-நோரில் ஒரு மருந்துக்கடையில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். மருந்தாளர் அல்ல. மருந்தாளர் சரிபார்த்த குளிசைகளை எண்ணிப் போத்தலில் போட்டு, லேபல் ஒட்டி, வாங்க வருகிறவரிடம் கொடுக்கிறவள். ஹெய்ட்டிக்காரர், அல்ஜீரியர், எங்களுடைய ஆட்கள் என்று எல்லோரும் அந்தக் கடைக்கு வருவார்கள். அங்கே சேர்ந்த முதல் கிழமையே எனக்குச் சொல்லித் தந்த ஒரு விஷயம், ஒருவருடைய மருந்தைப் பற்றி இன்னொருவரிடம் வாய் திறக்கக் கூடாது என்பது. கேட்பது கட்டின கணவன் என்றாலும் கூடாது. மனைவி என்ன குளிசை எடுக்கிறாள் என்று கேட்டு மேசையில் குத்திய மனிதர்களை நான் கண்டிருக்கிறேன். ஒருவர் என் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, நீயும் ஒரு தமிழ்ப் பொம்பிளைதானே என்று கேட்டார். நான் சொல்லவில்லை.

என் கணவர் இறந்து நாலு வருடமாகிறது. அதற்கு முந்திய ஆறு வருடமும் அவருக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. கிழமைக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணித்தியாலம், ஆஸ்பத்திரியில் மெஷினில் இரத்தம் சுத்தம் செய்யவேண்டும். வெளியே வரிசையாகப் போட்டிருந்த கதிரைகளில் ஒன்றில் நான் இருப்பேன். அங்கே கிடந்த பழைய பிரெஞ்சுச் சஞ்சிகை ஒன்றில் வியன்னாவைப் பற்றி எட்டுப் பக்கம் போட்டிருந்தார்கள். அதில் ஒரு ஹோட்டல் அறையின் படம். உயரமான யன்னல், யன்னலுக்கு வெளியே பெரிய தேவாலயத்தின் கூரை, கூரை முழுக்கப் பச்சையும் மஞ்சளும் கறுப்புமாக நெளிநெளியாய் ஓடுகள். யன்னலருகில் ஒரு பெண் கோப்பையோடு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். அறையில் வேறு யாருமில்லை. ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை. கூரையை விட அதைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். ஒருநாள் கணவருக்குப் பக்கத்தைக் காட்டினேன். "பேந்து பாப்பம்" என்றார். பிறகு என்றால் எப்போது என்று நான் கேட்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. உடம்பு இடங்கொடுத்திருந்தால் கூட்டிப் போயிருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அவர் போனபின் எனக்கென்று ஒரு கால அட்டவணையை மற்றவர்கள் போட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை கோயில். சனிக்கிழமை கர்க்லாண்டில் தமையனுடைய வீடு. அவருடைய மகனுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். கிழமை நாளில் பிள்ளைகள் கார்டெரிக்கு, பிள்ளைக் காப்பகத்துக்குப் போய்விடும். சனிக்கிழமை பார்க்க ஆள் வேண்டும். "தங்கச்சி சும்மாதானே இருக்கிறா" என்று அண்ணை ஒருநாள் சொன்னார். அதோடு அது என் வேலையாயிற்று. மொன்ட்ரியால்-நோரிலிருந்து கர்க்லாண்டுக்கு பஸ், மெற்றோ, பிறகும் பஸ். பனிக்காலத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். பிள்ளைகளில் எனக்குப் பட்சம்தான். ஆனால், உனக்கு ஏலுமோ என்று ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை.

போன வருடம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, வைகாசியில் ஒரு கிழமை வியன்னாவுக்குப் போகிறேன் என்று சொன்னேன்.

"ஆரோடை?" என்றார் அண்ணை.

"தனிய."

"தனிய எண்டால்?"

"தனிய எண்டால் தனியத்தான், அண்ணை."

அவர் கரண்டியை வைத்துவிட்டு நெடுநேரம் பேசினார். போகத்தான் வேண்டும் என்றால் கோயில் ஆட்கள் கூட்டமாக இந்தியாவுக்கு யாத்திரை போகிறார்கள், அதில் சேரலாம் என்றார். என் மகளுக்கு லீவு கிடைக்கும்வரை பொறுக்கலாம் என்றார். கணவன் இல்லாத பொம்பிளை பெரிய ஹோட்டலில் தனியே போய் நின்றால் சனம் என்ன கதைக்கும் என்று கேட்டார். அவர் ஒவ்வொரு தை மாதமும் நாலு சிநேகிதர்களோடு கியூபாவுக்குப் போய்க் கடற்கரையில் படுத்துவிட்டு வருகிறவர். சனம் அதைப் பற்றிக் கதைத்ததை நான் கேட்டதில்லை. அண்ணி பேரனுக்கு மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தார். நான் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஹோட்டலை நான் அவசரப்பட்டுத் தெரிவு செய்யவில்லை. இரண்டு மாதம் தேடினேன். தனியே பயணம் செய்யும் பெண்களுக்கென்று அவர்கள் ஒரு மாடியையே ஒதுக்கியிருந்தார்கள். அறை இலக்கத்தை வரவேற்பு மேசையில் வாயால் சொல்ல மாட்டார்களாம், தாளில் எழுதித்தான் தருவார்களாம். யார் தொலைபேசி எடுத்தாலும் எங்கள் சம்மதம் இல்லாமல் இணைக்க மாட்டார்களாம். உங்கள் தனிமை எங்கள் பொறுப்பு என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. மருந்துக்கடையில் பத்தொன்பது வருடம் நின்றவளுக்கு அந்த வரி எப்படி இருந்திருக்கும். அதை நம்பித்தான் போனேன். மகளிடம் மட்டும் ஹோட்டலின் பெயரை எழுதிக் கொடுத்தேன், ஆபத்து அவசரத்துக்கு.

முதல் மூன்று நாளும் என் வாழ்நாளில் வேறு எந்த நாளைப் போலவும் இருக்கவில்லை. அறை படத்தில் கண்டது இல்லை, ஆனால் யன்னலுக்கு வெளியே அந்தக் கூரை இருந்தது. காலையில் எழும்பி ஒருவருக்கும் தேத்தண்ணி போடாமல் அரை மணித்தியாலம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிராமில் ஏறி நகரின் வட்ட வீதியைச் சுற்றினேன். முடிந்ததும் மறுபடி சுற்றினேன். ஒரு பழைய கோப்பிக்கடையில் வெள்ளித் தட்டில் கோப்பியும் பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீரும் வைத்துவிட்டு, பரிமாறுகிறவர் இரண்டு மணித்தியாலம் என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அது அந்த ஊரில் மரியாதை. எனக்கு அழுகை வந்தது. துக்கத்தில் இல்லை.

ஒரேயொரு குறை, இரவுச் சாப்பாடு. ஹோட்டலின் சாப்பாட்டு அறை பெரியது, யன்னல் ஓரமாக நல்ல மேசைகள். முதல் நாள் நான் தனி ஆள் என்றவுடன், குசினிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் கொண்டுபோய் இருத்தினார்கள். கதவு திறக்கும் ஒவ்வொரு தரமும் முதுகில் சூடு அடித்தது. யன்னல் மேசைகளில் மூன்று வெறுமையாகத்தான் கிடந்தன. கேட்டேன். அவை இரண்டு பேருக்கானவை என்றார்கள். இரண்டாம் நாளும் அதே தூண். தனியே வரும் பெண்களுக்கு ஒரு மாடியையே ஒதுக்கியவர்கள் அவர்களுக்கு ஒரு மேசை வைக்கவில்லை. மூன்றாம் நாள் நானும் யோசித்தேன். வரவேற்பு மேசைக்குப் போய், நாளைக்கு மாலை ஏழு மணிக்கு யன்னலோரம் இரண்டு பேருக்கு ஒரு மேசை என்று பதிந்தேன். மற்றவருக்கு வரமுடியவில்லை என்று அங்கே போய்ச் சொல்லிவிடலாம். சின்னப் பொய். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நாலாம் நாள் புதன்கிழமை. கைத்தொலைபேசியை அறையில் விட்டுவிட்டுத்தான் வெளியே போனேன். காலையிலேயே மகளுக்கு, நான் சுகம், பின்னேரம் எழுதுகிறேன் என்று செய்தி போட்டிருந்தேன். திரும்பி வந்தபோது பற்றரி இறங்கி அணைந்திருந்தது. அதைச் சார்ஜில் போட்டேன், திறந்து பார்க்கவில்லை. வரும் வழியில் ஒரு துண்டு கேக் வாங்கியிருந்தேன். தொட்டியை நிரப்பினேன்.

கதவில் தட்டினார்கள். நான் பேசாமல் இருந்தேன். துவாய் மாற்ற வந்திருப்பார்கள், போய்விடுவார்கள் என்று நினைத்தேன். பிறகு பலமாகத் தட்டினார்கள். பொறுங்கள் என்று சொல்லி எழும்புவதற்குள் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. தங்களுடைய திறப்பைப் போட்டு உள்ளே வந்துவிட்டார்கள். நான் ஈரத்தோடு அங்கியைச் சுற்றிக்கொண்டு குளியலறையிலிருந்து வெளியே வர, ஒரு பெண் மனேஜரும் காவல் உடையில் உயரமான ஓர் ஆணும் என் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். அந்தப் பெண்ணின் கண் மேசையில் இருந்த என் பிரஷர் குளிசைப் பெட்டியில் இருந்தது. கிழமை நாட்களுக்கு ஏழு அறை வைத்த பெட்டி. அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். நான் எத்தனை குளிசை எடுத்திருக்கிறேன் என்று மெதுவாக, குழந்தையிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாரோ செத்துவிட்டார்கள், சொல்ல வந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். என் மகளுக்கு ஏதும் நடந்துவிட்டதா என்று கேட்டேன். பிறகுதான் மனேஜர் சொன்னாள். கனடாவிலிருந்து என் சகோதரன் தொலைபேசி எடுத்தாராம். நான் கணவனை இழந்தவள், மன அழுத்தத்தில் இருக்கிறவள், பதினொரு தரம் எடுத்தும் பதில் இல்லை, ஏதும் செய்துகொள்ளக்கூடும் என்றாராம். நான் நலமாக இருக்கிறேன் என்றேன். குளித்துக்கொண்டிருந்தேன் என்றேன். அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். சகோதரன் இணைப்பில் காத்திருக்கிறார், அவரோடு பேசினால்தான் தாங்கள் போகமுடியும் என்று சொல்லி, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த தொலைபேசியை எடுத்து என் கையில் தந்தாள். அந்த ஆண் கதவை மறித்துக்கொண்டு நின்றான். என் காலிலிருந்து தண்ணீர் கம்பளத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணை" என்றேன்.

"நீ இண்டைக்கு ஆரோடை சாப்பிடப் போறாய்?"

எனக்குக் காது பிழை என்று நினைத்தேன். என்ன என்று கேட்டேன்.

"ரெண்டு பேருக்கு மேசை சொல்லி வைச்சிருக்கிறியாம். உந்த மனுசிதான் சொன்னவ. ஆர் மற்றது?"

உயிரோடு இருக்கிறாயோ என்று கேட்கவில்லை. சுகமோ என்று கேட்கவில்லை. நான் உயிரோடு இருப்பது என் குரலிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அக்கறையாக இருக்கிறார் என்று எண்ணி, ஆறுதல் சொல்வதற்காக, உங்கள் சகோதரி ஏழு மணிக்கு இரண்டு பேருக்கு மேசை பதிந்திருக்கிறார் ஐயா, பயப்படாதீர்கள் என்று அந்த மனேஜரே அவருக்குச் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டுத்தான் என் அறைக்கு ஏறி வந்திருக்கிறாள். அவள் ஏறி வந்த நாலு நிமிடத்துக்குள் என் தமையனுக்கு என் சாவு பெரிய விஷயமில்லை என்று ஆகி, வேறொன்று பெரிதாகிவிட்டது.

நான் தொலைபேசியை வைத்தேன். இருவரையும் வெளியே போகச் சொன்னேன். உரக்கத்தான் சொன்னேன். பக்கத்து அறைக் கதவு திறந்து மூடியது.

ஏழு மணிக்குச் சாப்பாட்டுக்குப் போனேன். போகாமல் விட்டிருந்தால் அவர்கள் மறுபடி வந்து தட்டியிருப்பார்கள். யன்னல் மேசைதான். வெள்ளைத் துணி, மெழுகுதிரி, எதிரே வெறுங் கதிரை. பரிமாற வந்த இளைஞனிடம், மற்றவர் வரமாட்டார் என்று நான் ஆயத்தம் செய்த வசனத்தைச் சொன்னேன். "தெரியும், மேடம்" என்றான், மிக இரக்கமாக. அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் சாப்பிட்ட மீன் என்ன ருசி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. முடிவில் நான் கேட்காத இனிப்பு ஒன்று வந்தது. கூடவே ஒரு சிறிய அட்டை, நாங்கள் உங்களோடு இருக்கிறோம் என்று எழுதி. ஒருவரும் என்னோடு இருக்கக்கூடாது என்றுதானே நான் அவ்வளவு தூரம் போனேன்.

அடுத்த நாள் காலை அந்த மனேஜரைத் தேடிப் போனேன். கோபத்தில் என் ஆங்கிலம் தடுமாறும். ஆகவே இரவே தாளில் எழுதி வைத்திருந்தேன். நான் யாரோடு சாப்பிடுகிறேன் என்று தொலைபேசியில் ஒருவருக்குச் சொன்னது ஏன் என்று கேட்டேன். உங்கள் சகோதரன்தானே என்றாள். அது என் சகோதரன் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். நான் விட்டு ஓடிவந்த கணவனாகவும் இருக்கலாம், என்னைத் தேடித் திரிகிறவனாகவும் இருக்கலாம், ஒரு குரலை மட்டும் கேட்டு நீ சொல்லிவிட்டாய் என்றேன். என் வேலையில் நான் இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள் என்றேன். நீங்கள் என்ன வேலை என்று கேட்டாள். மருந்துக்கடை என்றேன். அதற்குப் பிறகு அவள் முகம் மாறியது, மன்னிப்புக் கேட்டாள். எல்லாம் அக்கறையில் நடந்தது என்றாள். அக்கறை என்ற சொல்லை அந்த ஒரு கிழமையில் எத்தனை பேர் எனக்கு எதிராகப் பாவித்தார்கள்.

மிச்ச இரண்டு நாளும் ஊரைப் பார்த்தேன் என்று சொல்லமுடியாது. ஊருக்குள் நடந்தேன். அரண்மனையில் மூன்று அறை கடந்தபிறகுதான் எதையும் பார்க்கவில்லை என்று தெரிந்தது; மனதுக்குள் அண்ணையோடு வாதாடிக்கொண்டு நடந்திருக்கிறேன். கடைசி நாள் தேவாலயக் கோபுரத்தில் ஏறினேன். ஒடுங்கிய சுருள் படி, முந்நூறுக்கு மேல். நான் முழங்கால் வருத்தக்காரி, ஏறக்கூடாது. கோபம் ஏற்றிவிட்டது. மேலே யன்னலால் பார்த்தால் அந்த ஓடுகள் கிட்டத்தில் தெரிந்தன. தூரத்தில் மினுங்குகிறவை கிட்டத்தில் பாசி பிடித்துக் கீறலாக இருந்தன. மூச்சு வாங்க நின்று பார்த்தேன். அந்த நேரம் மட்டும் என் தலைக்குள் வேறு குரல் இல்லை.

மொன்ட்ரியாலில் இறங்கியபோது, நான் சொல்லாமலே அண்ணை விமான நிலையத்துக்கு வந்து நின்றார். என்னைக் கண்டதும் அவர் முதலில் செய்த காரியத்தை நான் மறக்கமாட்டேன். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலால், எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த ஆட்களைப் பார்த்தார். ஒவ்வொருவராக. பின்னால் வந்தது ஒரு வயதான சீனத் தம்பதியும் ஒரு ஹொக்கி அணிப் பிள்ளைகளும்தான். பிறகுதான் பெட்டிக்குக் கை நீட்டினார். நான் பெட்டியைக் கொடுக்கவில்லை. பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன்.

வேலைக்குப் போன இரண்டாம் நாள், கோயிலில் கண்டு பழகிய ஒரு பெண் சீனிவருத்தக் குளிசை எடுக்க வந்தார். பையை வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "வியன்னா நல்லா இருந்ததாமோ, ரெண்டு பேருக்கும்?" என்று கேட்டார். நான் அவருடைய குளிசையை எப்படி எடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அந்தப் பெண்ணின் வீட்டு விஷயம் எத்தனை என் கை வழியாகப் போயிருக்கிறது. ஒன்றையாவது நான் வெளியே கொண்டுபோயிருப்பேனா. வீட்டுக்கு வந்து மேல்கோட்டைக் கழற்றாமலே குசினியில் இருந்தேன்.

ஹோட்டலின் பெயரைக் கொடுத்தது மகள்தான். அவளுக்கு இருபத்தைந்து வயது, பல் வைத்தியர் ஒருவரின் கிளினிக்கில் வேலை. வேலை நடுவில் மாமா எடுத்து, அம்மாவுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். "மாமா அழுதவர், அம்மா. நான் பயந்திட்டன்" என்றாள். அது பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் காலையில் நான் போட்ட செய்தி அவள் கையில்தானே இருந்தது. நான் சுகம் என்று நானே எழுதியதை விட, நான் சுகமில்லை என்று இன்னொருவர் சொன்னது அவளுக்குப் பெரிதாகப் பட்டிருக்கிறது. அதைத்தான் கேட்டேன். இரண்டு கிழமை நாங்கள் ஒரே வீட்டில் உப்பு, புளி பற்றி மட்டும் கதைத்தோம்.

மூன்றாவது கிழமை ஞாயிற்றுக்கிழமை, அண்ணையின் பேரனுக்குப் பிறந்தநாள். போனேன். கேக் வெட்டி, பிள்ளைகள் தோட்டத்துக்கு ஓடியபிறகு, பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்த இடத்தில், ஏன் ஊரெல்லாம் சொன்னீர்கள் என்று அண்ணையிடம் கேட்டேன். அவர் எதிர்பார்க்கவில்லை.

"நீ செத்துக்கிடந்தால் ஆர் பொறுப்பு?" என்றார். அந்த ஒரு மணித்தியாலம் அவர் பயந்துதான் இருக்கிறார். அதை நான் மறுக்கவில்லை.

"நான் சாகேல்லை எண்டு தெரிஞ்ச பிறகு நீங்கள் என்னட்டைக் கேட்ட முதல் கேள்வி என்ன, அண்ணை? இவைக்குச் சொல்லுங்கோ."

அவர் தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஆரோடை சாப்பிடப் போறாய் எண்டு கேட்டனீங்கள். நான் ஈரத்தோடை ஒரு அறியாத ஆம்பிளைக்கு முன்னாலை நிக்கிறன். நீங்கள் அதைக் கேட்டனீங்கள்."

இவ்வளவையும் சொல்லும்போதும் 'நீங்கள்' என்றுதான் என் வாயில் வந்தது. அதிலும் எனக்குக் கோபம். மரியாதை என் நாக்கில் அப்படி ஊறிக் கிடக்கிறது. அவர் எழும்பி உள்ளே போய்விட்டார். மற்றவர்கள் தட்டைப் பார்த்தார்கள். அப்போதுதான் அண்ணி, கேக் தட்டுகளை அடுக்கிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "இவர் அண்டைக்கு முதல் எடுத்தது, வாற சனிக்கிழமை பிள்ளையளைப் பாக்க வருவியோ எண்டு கேக்கத்தான்" என்றார்.

பதினொரு அழைப்பும் அதற்காகத் தொடங்கின. முதலாவது அழைப்பு பிள்ளை பார்க்க. நான் எடுக்காத எரிச்சலில் அடுத்தவை. எரிச்சல் எந்த இடத்தில் பயமாக மாறியது என்று அவருக்கே தெரிந்திருக்காது. அண்ணி அதை எனக்கு உதவியாகச் சொன்னாரா, தன்னுடைய எத்தனையோ வருடத்து ஆத்திரத்துக்குச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் நன்றி சொல்லவில்லை. ஒரு கிழமை கழித்து அண்ணியே தொலைபேசி எடுத்து, பிள்ளைகளுக்கு முன்னால் கதைத்திருக்கக்கூடாது, அண்ணை அதற்குப் பிறகு இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்றார். பிள்ளைகள் தோட்டத்தில் நின்றார்கள் என்றேன். அதற்குப் பிறகு சனிக்கிழமை நான் கர்க்லாண்டுக்குப் போகவில்லை. பிள்ளைகளை நினைத்தால் கவலைதான். பெரியவன் என்னைக் கேட்டானாம். ஆனாலும் போகவில்லை.

ஆனியில் ஹோட்டலிலிருந்து கடிதம் வந்தது. தலைமை நிர்வாகி கையெழுத்து வைத்திருந்தார். நடந்ததற்கு வருந்துகிறோம், ஈடாக இரண்டு இரவு இலவசமாகத் தங்கலாம், உங்களுக்கும் உங்கள் துணைவருக்கும். துணைவர் என்று அச்சடித்திருந்தது. அந்தத் தாளைக் கிழிக்கக் கை போனது. கிழிக்கவில்லை. மறுமொழி எழுதத் தொடங்கினேன். என்ன நடந்தது, கதவை யார் திறந்தது, என் குளிசைப் பெட்டியை யார் தொட்டது, என்ன சொன்னது என்று ஒவ்வொன்றாக, பிரெஞ்சில் எழுதினேன். இலவசம் வேண்டாம், தொலைபேசியில் கேட்பவருக்கு என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்று உங்கள் ஆட்களுக்கு எழுத்தில் கொடுங்கள், கொடுத்ததை எனக்கு அனுப்புங்கள் என்று எழுதினேன்.

என் பிரெஞ்சு கடைப் பிரெஞ்சு. மகளிடம் திருத்தக் கொடுத்தேன். அவள் சாப்பாட்டு மேசையில் இருந்து முழுதையும் வாசித்தாள். அந்த அறைக்குள் என்ன நடந்தது என்று அன்றைக்குத்தான் அவளுக்கு முழுதாகத் தெரிந்தது. நான் அதுவரை சொல்லியிருக்கவில்லை. பேனாவை எடுத்துப் பிழைகளைத் திருத்தினாள். 'வருத்தம் தந்தது' என்று நான் எழுதிய இடத்தை வெட்டி 'அவமானப்படுத்தினீர்கள்' என்று மாற்றினாள். மாற்றட்டுமா என்று கேட்கவில்லை. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்றரை மாதம் கழித்து, ஊழியருக்கான புது விதிகள் என்று ஒரு தாள் அங்கிருந்து வந்தது. எட்டு வரி. மூன்றாவது வரி, விருந்தினரின் மேசைப் பதிவு பற்றி யாரிடமும் பேசக்கூடாது என்பது. அதை இரண்டு தரம் வாசித்தேன்.

அண்ணை இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பார் என்று நானும் காத்திருக்கவில்லை. கோயிலில் கண்டால் சுகமோ என்கிறார், ஓம் என்கிறேன். கதை அவ்வளவுதான்.

இந்தப் புரட்டாதியில் லிஸ்பனுக்கு ஒரு கிழமை போகிறேன். தனியத்தான். போன கிழமை மகள் என் அறை வாசலில் வந்து நின்று, ஹோட்டலின் பெயரைத் தனக்கு மட்டும் தரமுடியுமா என்று கேட்டாள். நான் யோசித்தேன். அங்கே போய்ச் சேர்ந்தபிறகு, நானாக அனுப்பினால் அனுப்புவேன் என்றேன்.

"இன்னும் என்னிலை கோவமோ, அம்மா?"

"ஓம்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். பிறகு, விமானம் எத்தனை மணிக்கு, வீட்டிலிருந்து எப்போது வெளிக்கிட வேண்டும், தான் காரில் கொண்டுபோய் விடவா என்று கேட்டாள். நான் நேரத்தைச் சொன்னேன்.